லண்டன் வாங்கிய தேயிலையும் மாஸ்கோ வாங்கிய தேயிலையும்: போனக்காட்டில் சம்பளம் நின்றது எதனால்?

திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் தமிழர்களில் பலருக்குப் போனக்காடு என்ற பெயர் அகத்தியர்கூட யாத்திரையால் தெரியும். நெடுமங்காடு, விதுரா வழியாக மலை ஏறினால் பஸ் நிற்கும் கடைசி இடம் அது. அங்கிருந்துதான் யாத்திரைக்காரர்கள் காட்டுக்குள் நடக்கத் தொடங்குகிறார்கள். அண்மைக் காலமாக வேறொரு கூட்டமும் அங்கே போகிறது. பாழடைந்த பங்களாவில் பேய் உண்டென்று கேள்விப்பட்டு மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞர் கூட்டம் அது. லயங்களில் உயிரோடு இருக்கும் மனிதர்கள் இவர்கள் கண்ணில் படுவதில்லை. பேயைத் தேடி வருகிறவர்களிடம் சம்பள பாக்கியைப் பற்றிப் பேசி என்ன பயன்?

போனக்காடு வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். மலையின் மறுபுறம் திருநெல்வேலிச் சீமை. அந்தப் பக்கத்திலிருந்து வந்து, மூன்று நான்கு தலைமுறையாக லயத்திலேயே பிறந்து லயத்திலேயே முதுமை அடைந்த குடும்பங்கள் அவை. 1990களின் இறுதியை ஒட்டித் தோட்டம் தள்ளாடத் தொடங்கியது. சம்பளம் தவணை தவறியது, பிறகு நின்றது. ஆலை ஓய்ந்து இயந்திரங்கள் துருவேறின.

அக்காலத்தில் கேரளத் தோட்டங்களில் பிரட்டுக்களத்திலும் பேச்சுவார்த்தை மேசையிலும் ஒரே விளக்கம்தான் சொல்லப்பட்டது: "ருஷ்யாக்காரன் வாங்கவில்லை, விலை விழுந்துவிட்டது." தொழிலாளரில் பெரும்பாலோர் இதை நம்பினார்கள். இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. இது எவ்வளவு தூரம் உண்மை? இந்தியத் தேயிலையை ஒரு காலத்தில் தாங்கி நின்ற இரு நாடுகளான பிரிட்டனும் ருஷ்யாவும் ஆண்டுக்காண்டு எவ்வளவு இறக்குமதி செய்தன என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகிறது.

ரேஷன் காலத்தை விடக் குறைவு

முதலில் பிரிட்டன். 1940 ஜூலையில் யுத்தத்தை முன்னிட்டு அங்கே தேயிலைக்கு ரேஷன் வந்தது. தொடக்கத்தில் ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம். ஆண்டுக் கணக்கில் இது 3 கிலோவைத் தொடும். 1952 அக்டோபரில் ரேஷன் நீங்கியது. அதன் பிறகு பிரிட்டிஷ்காரர் வயிறாரக் குடித்தார்கள். 1950களில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நாலரைக் கிலோ என்ற அளவுக்குப் போயிற்று. நாடு முழுவதற்கும் 22, 23 கோடி கிலோ வேண்டியிருந்தது.

இன்று அந்த நாட்டில் ரேஷன் இல்லை, பஞ்சமும் இல்லை. ஜனத்தொகை 5 கோடியிலிருந்து ஏழு கோடியை நெருங்கிக் கொண்டிருக்கிறது. ஆனால் ஆளுக்கு 2 கிலோ கூடச் செலவாவதில்லை. ரேஷனில் கொடுத்த அளவைக் கூட இன்று விரும்பிக் குடிப்பதில்லை என்று அர்த்தம். நாட்டின் மொத்தத் தேவை 11, 12 கோடி கிலோ என்ற அளவில் நிற்கிறது. அறுபது, எழுபது ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது.

காரணங்கள் சாதாரணமானவை. காப்பி வந்தது, குளிர்பானம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தேயிலைப் பை வந்தது. 1953இல் டெட்லி கம்பெனி அதைப் பிரிட்டனில் அறிமுகப்படுத்தியபோது யாரும் பெரிதாக மதிக்கவில்லை. இன்று அங்கே போடும் தேநீரில் மிகப் பெரும்பாலானது பைத் தேநீர்தான். முன்பு கெட்டிலில் தலைக்கு ஒரு கரண்டி, கெட்டிலுக்கு ஒரு கரண்டி என்று அள்ளிப் போட்டார்கள். பையில் இரண்டு மூன்று கிராம் தூள் போதும், சீக்கிரம் சாயம் இறங்கும். ஒரு காலணா நூலும் காகிதமும் சேர்ந்து மலைத் தோட்டங்களின் கொழுந்தில் ஒரு பங்கைத் தேவையற்றதாக்கிவிட்டன.

பைக்கு வேண்டியது சீக்கிரம் நிறம் கொடுக்கும் பொடித்தூள். அதைக் குறைந்த விலையில் கொடுக்கக் கென்யா முன்வந்தது. 1963இல் சுதந்திரம் பெற்றபோது கென்யாவின் தேயிலை விளைச்சல் 2 கோடி கிலோ கூட இல்லை. இன்று 50 கோடி கிலோவுக்கு மேல். பிரிட்டனுக்குப் போகும் தேயிலையில் ஏறத்தாழப் பாதி இப்போது கென்யாவினுடையது.

இதில் நம் பங்கும் உண்டு. 1983 டிசம்பரில், உள்நாட்டில் விலை ஏறுகிறது என்று சொல்லி இந்திய அரசு சி.டி.சி. தூள் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. தடை நீண்ட காலம் நீடிக்கவில்லை. ஆனால் லண்டன் வியாபாரிக்கு ஒரு பாடம் போதும். இந்தியாவை நம்பி இருந்தால் நாளை சரக்கு வராமல் போகலாம் என்று தெரிந்த பிறகு ஆப்பிரிக்கப் பக்கம் இன்னும் அழுத்தமாகத் திரும்பினார்கள். சுதந்திரத்துக்குப் பிந்திய பத்தாண்டுகளில் பிரிட்டன் இந்தியாவிடம் வாங்கியது 13 கோடி கிலோவைச் சுற்றி. இன்று 2 கோடி கிலோவுக்கும் கீழே. பிரிட்டனின் மொத்தத் தேவை பாதியானபோது, அதில் இந்தியாவுக்கு இருந்த இடம் பாதியாகவில்லை. அநேகமாக இல்லாமலே போய்விட்டது.

ரூபாய்க்கு விற்ற தேயிலை

இந்த நஷ்டம் 1970களிலும் 1980களிலும் தோட்டங்களில் ஏன் வலிக்கவில்லை? மாஸ்கோ இருந்தது.

இந்தியாவும் சோவியத் யூனியனும் 1953இல் முதல் வர்த்தக ஒப்பந்தம் செய்துகொண்டன. சில ஆண்டுகளில் கணக்கை ரூபாயிலேயே தீர்த்துக்கொள்வது என்று ஏற்பாடாயிற்று. பிலாய் உருக்காலைக்கும், நெய்வேலி அனல் மின் நிலையத்துக்கும் இயந்திரங்கள் அங்கிருந்து வந்தன. எண்ணெயும் ஆயுதமும் வந்தன. இவற்றுக்கு டாலர் கொடுக்க வேண்டியதில்லை. இங்கே ரூபாயில் பற்று எழுதிக்கொள்ளலாம். அந்த ரூபாயை வைத்துக்கொண்டு சோவியத் அரசு இந்தியாவில் தோல், மருந்து, சணல், தேயிலை என்று வாங்கிக்கொள்ளும். நெய்வேலியில் ஓடிய இயந்திரத்தின் விலையில் கேரள மலையிலும் நீலகிரியிலும் பறித்த கொழுந்தும் கொஞ்சம் கலந்திருந்தது எனலாம்.

சோவியத் நாட்டிலேயே தேயிலை விளையாமல் இல்லை. ஜார்ஜியாவில் பெரிய அளவில் விளைந்தது. ஆனால் இயந்திரத்தால் வெட்டி எடுத்ததில் இலையோடு காம்பும் சேர்ந்து தரம் கெட்டது. ஜனங்கள் வெளிநாட்டுத் தேயிலையையே கேட்டார்கள். 1950களின் தொடக்கத்தில் இந்தியாவிடம் சொல்லும்படியாக எதுவும் வாங்காத நாடு, 1980களில் பிரிட்டனை முந்தி முதல் வாடிக்கைக்காரராக வந்தது. 1990ஐ ஒட்டி ஆண்டுக்கு 10 கோடி கிலோவுக்கு மேல் வாங்கியது. அப்போது இந்தியா வெளிநாடுகளுக்கு அனுப்பியது மொத்தமே சுமார் 20, 21 கோடி கிலோதான். அதில் பாதிக்கு மேல் ஒரே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தென்னிந்தியாவுக்கு இது பெரிய வரப்பிரசாதமாகத் தோன்றியது. அஸ்ஸாமுக்கும் டார்ஜிலிங்குக்கும் பெயர் உண்டு, கேட்க ஆள் உண்டு. தென்னிந்தியத் தூளுக்கு அந்த மவுசு கிடையாது. கொச்சி ஏலத்திலும் (1947இல் தொடங்கியது) குன்னூர் ஏலத்திலும் (1963இல் தொடங்கியது) ருஷ்யாவுக்காக வாங்குகிறவர்கள் கை தூக்கினால் விலை நிற்கும், தூக்காவிட்டால் சரியும் என்ற நிலை வந்தது.

ஒரே வாடிக்கைக்காரர், அதுவும் அரசாங்கம், அதுவும் ரூபாயில் வாங்குகிறவர் என்றால் விற்கிறவனுக்குச் சோம்பல் வரும். சரக்கு எப்படி இருந்தாலும் போகும் என்ற எண்ணம் வரும். இரண்டு இலை ஒரு மொட்டு என்பது மூன்று இலை, நான்கு இலை ஆனது. அறுபது, எழுபது வயதான செடியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைத்தால் நாலைந்து ஆண்டு வருமானம் இல்லை. எதற்கு அந்தச் சிரமம் என்று பல முதலாளிகள் விட்டுவிட்டார்கள். வந்த லாபம் தோட்டத்துக்குள் திரும்பி வரவில்லை. தோட்டம் வெள்ளைக்காரர் கையிலிருந்து இந்தியர் கைக்கு மாறியதும், லயத்துக்கு ஓடு மாற்றுவதும் உரம் வைப்பதும் செலவுக் கணக்கில் முதலில் வெட்டப்படும் இனங்களாயின.

1991 முதல் 1998 வரை

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. மறு ஆண்டே ரூபாய் வர்த்தகம் முடிவுக்கு வந்தது. இனி டாலரில் விற்பனை. மாஸ்கோவில் டாலர் எங்கே இருந்தது? ஓரிரு ஆண்டுகளில் அந்தப் பக்கம் போன இந்தியத் தேயிலை ஏறத்தாழப் பாதியாயிற்று.

இந்த இடத்தில் புள்ளிவிவரம் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1991 வரை உள்ள எண் பதினைந்து குடியரசுகளுக்குச் சேர்த்து. அதற்குப் பிந்திய எண் பல அட்டவணைகளில் ருஷ்யாவுக்கு மட்டும். உக்ரைனும் கஜகஸ்தானும் வாங்கியது வேறு பத்தியில் போய்விடும். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் வீழ்ச்சி நிஜத்தை விடப் பயங்கரமாகத் தோன்றும். பிரிட்டன் எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே இறங்கிய தேயிலை முழுவதையும் அவர்களே குடிக்கவில்லை. கலந்து, டப்பாவில் அடைத்துப் பிற நாடுகளுக்கு விற்றார்கள். இறக்குமதி வேறு, நாட்டுக்குள் தங்கியது வேறு. இந்த வித்தியாசங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் 1992இன் சரிவு பொய்யல்ல.

1993 ஜனவரியில் ருஷ்ய அதிபர் யெல்ட்சின் டெல்லி வந்தபோது பழைய கடனைப் பற்றி உடன்பாடு ஏற்பட்டது. சோவியத் காலத்தில் இந்தியா பட்ட கடனில் பெரும்பகுதியைப் பன்னிரண்டு ஆண்டுகளில் சரக்காகவே திருப்பிக் கொடுப்பது என்பது ஏற்பாடு. சரக்கில் தேயிலையும் உண்டு. ருஷ்ய அரசு இந்த ரூபாயைத் தன் நாட்டு வியாபாரிகளுக்கு ஏலம் விட்டது, அதுவும் தள்ளுபடியில். தள்ளுபடி ரூபாயில் வாங்குகிறவனுக்கு இந்தியத் தேயிலை மலிவாகக் கிடைத்தது. ஆகவே வியாபாரம் மறுபடி எழுந்தது. 1998இல் தென்னிந்திய ஏலங்களில் சராசரி விலை கிலோ 60 ரூபாய்க்கு மேல் போயிற்று. இதற்கு முன் கண்டிராத விலை. கெட்ட காலம் தொலைந்தது என்று முதலாளிகள் நினைத்தார்கள்.

அந்த 1998ஆம் ஆண்டில் ஏழு வார இடைவெளியில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூன் 29ஆம் தேதி லண்டன் தேயிலை ஏலம் கடைசியாக நடந்து நிரந்தரமாக மூடப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி 1679இல் தொடங்கி வைத்த ஏலம் அது. முன்னூறு ஆண்டுப் பழக்கம் ஒரு பிற்பகலில் முடிந்தது. போனக்காடு வரை எந்த அதிர்வும் வரவில்லை, ஏனென்றால் லண்டனை நம்பி அங்கே யாரும் இல்லை. ஆகஸ்ட் 17ஆம் தேதி ருஷ்ய அரசு தன் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அறிவித்தது. ரூபிள் சில வாரங்களில் பாதாளத்துக்குப் போயிற்று. மாஸ்கோ இறக்குமதியாளர்கள் பணம் அனுப்பாமல் நின்றார்கள். இந்த அடி உடனே வந்தது. 2000ஐ ஒட்டித் தென்னிந்திய விலை கிலோ 40 ரூபாயைச் சுற்றி வந்துவிட்டது. நீலகிரியில் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலைக்கு விலை கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். பீர்மேட்டில் தோட்டம் தோட்டமாகப் பூட்டு விழுந்தது. இலங்கையோடு 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தில், ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ இலங்கைத் தேயிலைக்கு வரிச் சலுகை என்ற ஷரத்தும் சேர்ந்து பயத்தைக் கூட்டிற்று.

பறிப்பவர் தலையில் எத்தனை?

கோடி கிலோ என்று சொல்லிக்கொண்டே போனால் காதுக்குப் பழகிவிடும். அதை ஆள் கணக்காக மாற்றிப் பார்க்கலாம்.

நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்பது தோட்டக் கணக்கு. 2015இல் மூணாறு பெண் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த சமயத்தில் ஒரு நாளைக்கு விதிக்கப்பட்டிருந்த அளவு 21 கிலோ கொழுந்து. ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்தால் ஒருவர் பறிப்பது 6,300 கிலோ. தூளாக்கினால் 1,400 கிலோ. இதையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம்.

பிரிட்டன் இந்தியாவிடம் வாங்குவதில் குறைத்தது 11 கோடி கிலோ. சுமார் 78,500 பேரின் ஆண்டு வேலை. ஆனால் இது அறுபது எழுபது ஆண்டுகளில் பரவலாக நடந்தது. ஆண்டுக்குப் பார்த்தால் 1,200, 1,300 பேர். அதற்குள் வேறு சந்தை பிடிக்கலாம்; உள்நாட்டில் டீக்கடை பெருகியது அந்த இடத்தை நிரப்பிற்று; ஓய்வு பெறுகிறவர் இடத்தில் ஆள் எடுக்காமல் விடலாம்.

மாஸ்கோ 1991க்குப் பின் ஓரிரு ஆண்டில் குறைத்தது 5 கோடி கிலோ என்று வைத்தால், 35,700 பேரின் வேலை. பிரிட்டன் குறைத்ததில் பாதி கூட இல்லை. ஆனால் இரண்டே ஆண்டில். ஆண்டுக்கு 17,800 பேர். எவ்வளவு குறைந்தது என்பதை விட எத்தனை நாளில் குறைந்தது என்பதே தோட்டத்தைச் சாய்த்தது. மெல்லக் கரைகிற சந்தை முதலாளியை எச்சரிக்கிறது. திடீரென்று அறுகிற சந்தை கூலிக்காரன் தலையில் விழுகிறது. பிரிட்டன் இறங்கிக்கொண்டிருந்த முப்பது ஆண்டும் எச்சரிக்கைதான். ருஷ்யாவின் ரூபாய் வந்துகொண்டிருந்ததால் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்படியானால் ருஷ்யாதான் காரணமா?

சம்பளம் 1992இலோ 1999இலோ தவறியதற்கு ருஷ்யாவைக் காரணம் காட்டினால் ஏற்கலாம். 2005இலும் 2010இலும் வரவில்லை என்பதற்கு அதே காரணத்தை எப்படிச் சொல்ல முடியும்?

2000களில் உலகிலேயே அதிகத் தேயிலை இறக்குமதி செய்த நாடு ருஷ்யாதான். ஆண்டுக்கு 16, 17 கோடி கிலோவுக்குக் குறையாமல் வாங்கியது. வாங்குவதை நிறுத்திய நாடு அல்ல அது. இலங்கையிடமும் கென்யாவிடமும் வியட்நாமிடமும் வாங்கியது. இந்தியாவிடமும் 4 கோடி கிலோவைச் சுற்றித் தொடர்ந்து வாங்கி வந்திருக்கிறது. தரம் பார்த்து, விலை பார்த்து, டாலர் கொடுத்து வாங்கினார்கள் என்பதே வித்தியாசம். இப்போது அங்கேயும் குடிப்பது குறைந்து வருகிறது. முதல் இடத்துக்குப் பாகிஸ்தான் வந்துவிட்டது, ஆண்டுக்கு 20 கோடி கிலோவுக்கு மேல். அந்த வாசல் நமக்கு அகலத் திறந்ததில்லை என்பது அரசியல்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1947இல் இந்தியாவில் விளைந்தது 25 கோடி கிலோ. அதில் முக்கால்வாசி கப்பல் ஏறிற்று. 2024இல் விளைந்தது சுமார் 128 கோடி கிலோ. கப்பல் ஏறியது 25 கோடி கிலோவைச் சுற்றி, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அதிகமாக வாங்கியவர்கள் ஈராக்கும் ஐக்கிய அரபு அமீரகமும். மற்றது முழுவதும் இந்தியர்களே குடித்தது. திருவனந்தபுரம் தம்பானூரில் இரவு பகலாக நடக்கும் டீக்கடைக்கும், சென்னை எழும்பூரில் நிற்கும் தள்ளுவண்டிக்கும் ரூபிளோடு என்ன சம்பந்தம்? 2007, 2008க்குப் பிறகு விலையும் ஓரளவு எழுந்து நின்றது. அப்படி எழுந்தபோது செடியும் ஆலையும் உயிரோடு இருந்த தோட்டங்கள் பிழைத்துக்கொண்டன. செடியைக் கவ்வாத்து செய்யாமல் காடாக விட்டு, ஆலையைத் துருப்பிடிக்க விட்ட இடத்துக்கு விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?

மூணாறை எடுத்துக்கொள்ளலாம். அதே கேரளம், அதே ருஷ்யா, அதே விலை. டாடா கம்பெனி அங்கே தோட்டங்களைத் தான் நடத்தினால் கட்டாது என்று விலகியது. 2005இல் தொழிலாளரையே பங்குதாரராக வைத்துக் கண்ணன் தேவன் மலைத்தோட்டக் கம்பெனி புதிதாக ஏற்பட்டது. பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பங்கு வாங்கினார்கள். பங்குதாரர் என்று பெயர் இருந்தும் கூலி போதவில்லை என்று அதே பெண்கள் 2015 செப்டம்பரில் சாலையில் உட்கார்ந்தார்கள் என்பதும் உண்மை. 232 ரூபாயாக இருந்த நாட்கூலி அதன் பிறகுதான் 301 ஆயிற்று. குறை பல இருக்கலாம், ஆனால் ஆலை ஓடியது, மாதச் சம்பளம் வந்தது. மூணாறு பெரிது, உயரத்தில் இருப்பது, மூலதனம் உள்ளது. போனக்காட்டை அதோடு சரிக்குச் சரி வைக்க முடியாது என்று சிலர் சொல்வார்கள். சரிக்குச் சரி வேண்டாம். ருஷ்யா ஒன்றே காரணமாக இருந்திருந்தால் இரண்டுமே மூடியிருக்க வேண்டும் என்பது மட்டும் கவனிக்கத்தக்கது.

மலையின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் உள்ள மாஞ்சோலையின் கதை இன்னொரு கோணம். விலை உச்சத்தில் இருந்த 1998இல்தான் அங்கே கூலி உயர்வுக் கிளர்ச்சி தொடங்கியது. 1999 ஜூலை 23ஆம் தேதி திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தொழிலாளருக்காக நடந்த ஊர்வலத்தின்போது தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். விலை ஏறும்போது உலகச் சந்தை கூலிக்கு வழி விடுவதில்லை. இறங்கும்போது மட்டும் தவறாமல் வந்து கதவைத் தட்டுகிறது.

பாக்கி யாருடையது?

விலை விழுந்தால் லாபம் போகலாம். போனஸ் குறையலாம். ஆனால் சர்வீஸ் பணம், பி.எஃப். இவை அந்தந்த ஆண்டின் விலையைச் சேர்ந்தவை அல்ல. 1972ஆம் ஆண்டு கிராஜுவிட்டி சட்டப்படி, வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் கூலி சேரும். 30 ஆண்டு கொழுந்து பறித்த ஒருவருக்கு 450 நாள் கூலி. 2015க்குப் பிந்திய 301 ரூபாய் கணக்கில் பார்த்தால் ஒரு லட்சத்து 35 ஆயிரத்து 450 ரூபாய். இதில் 1970களின் உழைப்பும் 1980களின் உழைப்பும் சேர்ந்திருக்கின்றன. மாஸ்கோ ரூபாய் தாராளமாக வந்துகொண்டிருந்த அதே ஆண்டுகள்! அந்த வருமானத்திலிருந்து ஒதுக்கி வைத்திருக்க வேண்டிய பணத்துக்கு 1998இன் ரூபிள் எப்படிப் பொறுப்பாகும்? 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்த வீடு, மருத்துவம், குடிநீர் ஆகியவற்றின் கதையும் இதுவே. ஒழுகும் லயக் கூரைக்கு ஏலச் சந்தையைக் காரணம் காட்ட முடியாது. கூரை ருஷ்யா வாங்கிய காலத்திலேயே ஒழுகத் தொடங்கிவிட்டது.

பாக்கிக் கணக்கு பேச வருகிற தொழிலாளர் முன் இறக்குமதிப் புள்ளிவிவரத்தை விரித்து வைத்தால், அந்தத் தாளைத் திருப்பி எந்த ஆண்டுக்கு எந்த எண் என்று கேட்கலாம். 1992க்கும் 1999 முதல் சில ஆண்டுகளுக்கும் அது பொருந்தும். அதற்கு முன் உள்ள முப்பது ஆண்டுக்கும் பின் உள்ள இருபது ஆண்டுக்கும் பொருந்தாது.

இதற்கிடையே பழைய காட்சி ஒன்று திரும்பி வருகிறது. உக்ரைன் யுத்தத்தை ஒட்டி மேற்கு நாடுகள் ருஷ்யாவின் பணப் போக்குவரத்தை அடைத்ததும், 2022 ஜூலை 11ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளிநாட்டு வர்த்தகத்தை ரூபாயிலேயே தீர்த்துக்கொள்ள அனுமதி கொடுத்தது. ருஷ்யாவிடம் இந்தியா எண்ணெயை ஏராளமாக வாங்கத் தொடங்கியது. அவர்கள் கையில் மறுபடி ரூபாய் குவிந்தது; அதைக் கொண்டு இங்கே எதை வாங்குவது என்ற பேச்சில் தேயிலையின் பெயரும் அடிபட்டது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24இல் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆனால் மூட்டைத் தேயிலைக்கு அங்கே முன்பே சுங்கம் கிடையாது. ஆகவே அந்தப் பக்கம் கொள்முதல் கூடும் என்று நம்புவதற்கு அதிக இடமில்லை. ருஷ்யப் பக்கம் கொஞ்சம் கூடலாம். கூடினால் கொச்சியிலும் குன்னூரிலும் விலை இரண்டு மூன்று ரூபாய் ஏறக்கூடும். ஓடுகிற ஆலைகளுக்கு அது நல்ல செய்தி. போனக்காட்டு ஆலைக்கு முதலில் பாய்லர் வேண்டும், செடிக்குக் கவ்வாத்து வேண்டும், லயத்தில் மிச்சமிருக்கும் முதியவர்களுக்குச் சர்வீஸ் பணம் வேண்டும்.